முன்பெஞ்சில் உட்கார்ந்த ஆறு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு ஆறு வந்திருந்தது. வெள்ளம் எல்லாம் இல்லை. மழை பெய்தே மாதக்கணக்காகிவிட்டது. படித்துறையை விட்டு எழுந்து, ரொட்டிக்கடைத் தெரு வழியாக நடந்து, வாசலில் கொஞ்சம் தயங்கி, முதல் பாட்டு முடிவதற்குள் முன்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. தாமதமாக வருகிறவர்களை முறைப்பதையே ஊழியமாகச் செய்துவந்த மணியடிப்பவர் அதையும் முறைத்தார். பிறகு பழக்கதோஷத்தில் ஒரு பாட்டுப் புத்தகத்தை நீட்டினார். புத்தகம் ஊதாவாகிவிட்டது.

அந்த வாரம் சாயப்பட்டறையில் ஊதா நிறம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையின் கழிவுநீர் ஒரு குழாய் வழியாக ஆற்றில் விழுவது ஊருக்கே தெரியும், போதகருக்கும் தெரியும். அதனால்தான் மனிதர் எப்போதும் பரலோகத்தைப் பற்றியே பிரசங்கம் செய்துவந்தார். முன்பெஞ்சோ பட்டறை முதலாளியுடையது. அப்படி எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆலயத்துக்குக் கூரை போட்டுக்கொடுத்தவர், யார் கேட்பது? முழங்கை வரை நிறமேறிய கைகளோடு பட்டறைத் தொழிலாளிகள் கடைசியில் நிற்பார்கள். உட்கார்ந்தால் பெஞ்சில் கறை பட்டுவிடுமாம்.

முதலாளி வழக்கம்போல இரண்டாம் பாட்டுக்கு வந்தார். தன் இடத்தை விடுகிற ஆளா அவர்? பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஆற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவருடைய சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போய் நிற்க, அங்கே ஏற்கெனவே நின்றவர்களுக்கு இடமில்லாமல் போய், தொழிலாளிகள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த தண்ணீர்தானே. உட்கார்ந்தபடி பிரசங்கம் கேட்பது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. பாதிப்பேர் சுகமாகத் தூங்கிவிட்டார்கள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. திருவிருந்துக்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கிச் சமாதானம் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு அப்பமும் கிடையாது, திராட்சரசமும் கிடையாது. முதலாளிக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஆறு. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. “சமாதானம்” என்று முனகிக் கையை நீட்டினார். ஆறு அதை நன்றாகப் பிடித்துக் குலுக்கியது. மணிக்கட்டு வரை ஊதா ஏறிவிட்டது.

சோப்பு, எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய், பட்டறையிலேயே இருந்த கறைமருந்து, ம்ஹூம், எதற்கும் போகவில்லை. ஆறும் வாரம் தவறாமல் வந்தது. மணல்மூட்டை அடுக்கிப் பார்த்தார்கள், ஏறிக் குதித்து வந்தது. கடைசியில் சபைக்குழு கூடி, ஆறு முறைப்படி ஞானஸ்நானம் பெற்றிருக்கிறதா என்று கேட்டது.

“நீங்க எல்லாரும் அதுக்குள்ளதானே முங்கி எழுந்தீங்க? அதைப் போயா கேக்குறீங்க?” என்றார் போதகர். சொன்ன பிறகு அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. குழு அத்தோடு கலைந்தது. ருசி கண்டுவிட்ட போதகர் அடுத்த ஞாயிறு பரலோகத்திலிருந்து இறங்கிவந்து, ஆற்றைப் படைத்தது யார், கெடுத்தது யார், உழைக்கிறவர்களை இத்தனை காலம் நிற்கவைத்தது எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்டார். அன்றைக்கு ஒருவரும் தூங்கவில்லை.

முதலாளிக்குப் பிரசங்கம் உறைக்கவில்லை. அவர் கவலை வேறு. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். தாயில்லாமல் தனியாளாக வளர்த்த பிள்ளை. வாசலிலிருந்து பீடம் வரை அவள் கையைப் பிடித்து அழைத்துப்போவதை, அவள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தவர். இந்தக் கையோடா? நல்ல வெள்ளைக் கையுறையாக வாங்கிவந்து மகளிடம் காட்டினார்.

“பட்டறையில அண்ணனுங்க கையுறை கேட்டப்ப வெட்டிச் செலவுன்னு சொன்னீங்களேப்பா?” என்றாள் அவள். “அந்தக் குழாயை மூடுங்க. மூடலைன்னா நான் தனியாவே நடந்து போயிக்கிறேன்.”

“ஐயோ, கல்யாணச் செலவை விட அதிகமாகும்மா!”

“அப்போ கல்யாணத்தைச் சின்னதா வைங்க.”

அன்றைக்கு அந்த மனிதர் அழுதுவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாளே குழாயை அடைத்தார். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டி வந்தது. தொழிலாளிகள் எல்லோருக்கும் முழங்கை வரை கையுறை வந்தது. கல்யாண விருந்து டீயும் பன்னுமாகச் சுருங்கிப்போனது. சொந்தக்காரர்கள் அதை இன்னும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கல்யாணத்தன்று ஆறு நேரத்தோடு வந்துவிட்டது, அடி தெரியுமளவுக்குத் தெளிவாக. முதலாளியின் கை மட்டும் அப்படியே இருந்தது. வாசலில் அவர் கூச்சத்தோடு அதை நீட்ட, மகள் தன் கையுறையைக் கழற்றிவிட்டு இறுகப் பிடித்துக்கொண்டாள். காணிக்கைத் தட்டு முன்பெஞ்சுக்கு வந்தபோது ஆறும் தன் பங்கைப் போட்டது. விரல் நீளத்துக்கு ஒரு மீன், துள்ளிக்கொண்டிருந்தது. அந்த ஆற்றில் மீனைப் பார்த்த ஞாபகம் அங்கே யாருக்கும் இல்லை. மணியடிப்பவர் அதைப் பதமாக எடுத்து ஆற்றிலேயே விட்டுவிட்டுத் தட்டை அடுத்தவரிடம் நகர்த்தினார்.

ஆறு இப்போதும் ஞாயிறு தவறாமல் வருகிறது. வெயில் காலத்தில் முன்பெஞ்சில் அதன் பக்கத்தில் உட்கார ஒரே போட்டி. இடம் வேண்டுமென்றால் முதலாளியும் முதல் பாட்டுக்கே வந்துவிட வேண்டியிருக்கிறது.