மோட்டார் கொட்டகையிலிருந்து குடிபெயர்ந்த இணையதளம்

எங்கள் ஊரில் அறுவடை வண்டிக்கு முறை போட்டுத் தரும் இணையதளம் போன சம்பா வரை தியாகேசன் சித்தப்பாவின் மோட்டார் கொட்டகையில் குடியிருந்தது. எந்த இணையதளமாக இருந்தாலும் எங்கோ ஒரு கணினியில் தூங்காமல் விழித்திருக்க வேண்டும். அப்படி விழித்திருக்க இடம் வாடகைக்குக் கொடுப்பதற்குப் பெயர் ஹோஸ்டிங். மற்ற ஊர்களில் இதற்கென்று ஏ.சி. போட்டுக் கட்டடம் கட்டுகிறார்கள். நாங்கள் பம்புசெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டோம். அங்கே கரண்ட் இலவசம்.

"இலவசக் கரண்டு பயிருக்கு மட்டும்தானே சித்தப்பா?" என்று நான் கேட்கத்தான் செய்தேன்.

"இது என்ன படமா ஓட்டுது? நெல்லு அறுக்கத்தானே வேலை பாக்குது."

கோர்ட்டில் நிற்காத வாதம். டீக்கடையில் நின்றது.

தளத்துக்கான யோசனை செம்மொழியுடையது. ஊர் உழவர் குழுவுக்கு அவள்தான் செயலாளர். பன்னிரண்டாம் வகுப்பு வரை என்னோடு படித்தவள், அப்போதும் லீடர். நான் கல்லூரியில் கணினி அறிவியல் மூன்றாம் வருடம். இதை ஊரில் வெளியே சொல்வதில்லை, பிரிண்டர் ரிப்பேருக்குக் கூப்பிடுவார்கள்.

முன்பெல்லாம் தை மாதம் சேலம் பக்கத்திலிருந்து அறுவடை வண்டி வந்து இறங்கினால், யார் குரல் பெரிதோ அவர் வயலில்தான் முதலில் இறங்கும். இராஜாங்கத்துக்குக் குரல் பெரிது. ஆகவே அவர் நெல் எப்போதும் முதலில் முற்றிவிடும். செம்மொழி அதை மாற்றினாள். கதிர் பழுத்ததும் தளத்தில் பெயரைப் பதிய வேண்டும். வயலுக்கு வண்டி போகும் பாதையைப் படம் எடுத்துப் போட வேண்டும். டிரைவர் போனில் வரிசையைப் பார்த்து, பாதையைப் பார்த்து, நேராக வந்து இறங்குவார். ஒரு போகம் சண்டையே இல்லை. டீக்கடையில் பேச விஷயமில்லாமல் ஆட்கள் தவித்தார்கள்.

குறை ஒன்றுதான். சித்தப்பா தண்ணீர் பாய்ச்ச மோட்டாரைப் போட்டால் வோல்டேஜ் இறங்கி, பக்கத்து ஸ்டூலில் கணினி மயங்கிவிடும். புரட்டாசியில் எலி வயரைக் கடித்தது. கார்த்திகையில் ஒரு தவளை உள்ளே போய்விட்டது. ஏன் என்று அதனிடம்தான் கேட்க வேண்டும்.

தை பிறந்தது. சம்பா தலை சாய்ந்து நின்றது. வியாழக்கிழமை மழை என்று எல்லார் போனிலும் மேகம் படம் காட்டியது. செம்மொழியின் அம்மா அம்சவல்லி முப்பது வருஷம் மற்றவர்கள் வயலில் அறுத்தவர். இந்த வருஷம்தான் முதல்முறையாக இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாக நட்டிருந்தார். வரிசையில் அவர் வயல் மூன்றாவது. புதன்கிழமை காலை வண்டி வரும். வரிசைப்படி நடந்தால் மழைக்கு முன் அறுத்துவிடலாம். தளம் படுத்துவிட்டால் வரிசை கிடையாது. பிறகு குரல்தான்.

"இன்னைக்கே இடம் மாத்தணும்," என்றாள் செம்மொழி, செவ்வாய்க்கிழமை காலை. "நல்ல ஹோஸ்டிங்கா ஒண்ணு பாரு."

நான் பார்த்தேன். எல்லாக் கம்பெனியும் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீதம் விழாது என்று எழுதியிருந்தார்கள். வாடிக்கையாளர் கருத்துகளைப் படித்தேன். பத்துப் பேர் ஒரே வாக்கியத்தில் மகிழ்ந்திருந்தார்கள், எழுத்துப் பிழை உட்பட.

"இதுல எதை நம்புறது?" என்றேன்.

"வண்டி பேசுறப்ப நாங்க என்ன கேப்போம்? எத்தனை குதிரை சக்தின்னா கேப்போம்? பெல்ட் அறுந்து சேத்துல நின்னா யாரு வருவா, அவரு நம்பரைக் குடுன்னு கேப்போம். குடுத்த நம்பருக்கு அப்பவே அடிச்சுப் பாப்போம். போனைக் குடு."

முதல் கம்பெனியில் இயந்திரம் பேசியது. தமிழுக்கு எண் இரண்டு என்றது. இரண்டை அமுக்கினால் இந்தியில் மகிழ்ச்சி தெரிவித்தது. அடுத்த கம்பெனியில் ஒருவர் எடுத்தார். விழுந்தால் யார் வருவீர்கள் என்று கேட்டதும், "எங்க சர்வர் விழவே விழாது மேடம்" என்றார்.

"சரிங்க," என்று செம்மொழி வைத்துவிட்டாள். "விழாதுன்னு சொல்றவன் விழுந்தா போனை எடுக்க மாட்டான்."

மூன்றாவது திருச்சியில் ஒரு சின்னக் கம்பெனி. எடுத்தவர் பெயர் குந்தவை.

"விழும்ங்க," என்றார். "ஐப்பசியில ஒரு தடவ விழுந்துச்சு. முக்கால் மணி நேரம் ஆச்சு எழுப்ப. விழுந்தா நான் எடுப்பேன். நான் இல்லன்னா பக்கத்து சீட்ல தியாகராசன் சார் எடுப்பாரு. உங்க பேக்கப் எங்கங்க இருக்கு?"

செம்மொழி என்னைப் பார்த்தாள். அதே கணினியில்தான் என்றேன்.

"விதைநெல்லையும் வயல்லயே வச்சிருக்கான்ங்க," என்று அவள் போனில் மொழிபெயர்த்தாள். மறுமுனையில் சிரிப்பை இருமலாக மாற்றும் சத்தம் கேட்டது. அங்கேயே முடிவாகிவிட்டது.

இனி சித்தப்பாவிடம் சொல்ல வேண்டும். அவர் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டார்.

"ஏம்மா, கொட்டகையில என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் இல்ல சித்தப்பா. ஊர் பெருசாயிடுச்சு, அதான்."

"தவளைக்குன்னு கதவு கூட வச்சனே," என்றார். பெண்ணைக் கட்டிக் கொடுப்பவர் போல ஸ்டூலைத் துண்டால் துடைத்தார்.

சாயங்காலம் நகல் எடுக்க ஆரம்பித்தோம். ஊர் வயல் பாதைப் படங்கள் அத்தனையும் தென்னை தென்னையாகக் கட்டி இழுத்த நெட் வயர் வழியே திருச்சிக்குப் போக வேண்டும். பாதி கூடப் போகவில்லை, காற்றில் எங்கோ மட்டை விழுந்து ஊர் முழுக்கக் கரண்ட் போனது.

"நாளைக்குக் காலைல வண்டி," என்றாள் செம்மொழி.

"வரிசைதான் உனக்கு மனப்பாடமாச்சே," என்றார் சித்தப்பா. "வாயால சொல்லிடு. வேணும்னா உங்கம்மா வயலை மொதல்ல சொல்லு. யாரு கேக்கப் போறா?"

"மொதல்ல நான் கேப்பேன் சித்தப்பா. அப்புறம் இராஜாங்கம் மாமா கேப்பாரு. அவரு கேட்டா அஞ்சு ஊருக்குக் கேக்கும்."

சித்தப்பா கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு கணினியைக் குழந்தையைப் போலத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, கொட்டகைக்கு வந்த நெட் வயரும் அங்கிருந்துதான். அதில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பிரகதாம்பாள் சித்தி சீரியலில் இருந்தார். எங்கள் தெருவில் அந்த நேரத்தில் யாரும் அவரிடம் உப்பு கூடக் கேட்பதில்லை. டி.வி.யும் கணினியும் சேர்ந்து ஓட அந்த பேட்டரிக்குத் தெம்பில்லை.

"சித்தி," என்று ஆரம்பித்தேன்.

சித்தி கணினியைப் பார்த்தார். செம்மொழியின் முகத்தைப் பார்த்தார். ரிமோட்டை எடுத்து அணைத்தார்.

"நாளைக்குத்தான் அவ புருஷன் உண்மையைச் சொல்லுவான். இன்னைக்கு எப்படியும் முழிச்சுக்கிட்டுத்தான் நிப்பான்," என்றார். கேட்காமலே மின்விசிறியையும் அணைத்துவிட்டு, காலண்டர் அட்டையால் எங்களுக்கு விசிறினார்.

விட்ட இடத்திலிருந்து நகல் தொடரும்படி குந்தவை போனிலேயே வழி சொன்னார். அவருடைய வேலை நேரம் முடிந்திருந்தது. பின்னால் யாரோ, "கிளம்பலையாம்மா?" என்று கேட்டார்கள். "ஒரு வயல் பாக்கி இருக்கு சார்," என்றார் குந்தவை. எங்கள் ஊரில் கால் வைக்காத ஒருவர் எங்கள் வரப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். இன்வெர்ட்டர் கூவ ஆரம்பித்தபோது, "வந்துருச்சுங்க, திறந்து பாருங்க," என்றார். செம்மொழி போனில் திறந்தாள். வரிசை அப்படியே இருந்தது. மூன்றாவதில் அம்சவல்லி.

புதன்கிழமை டிரைவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. போனைப் பார்த்தார், போனார். இராஜாங்கம் ரோட்டில் நின்று பேசிப் பார்த்தார். டிரைவர் போனைத் திருப்பி அவரிடமே காட்டினார். அதில் அவர் ஆறாவது. திருச்சியில் இருக்கும் கணினியிடம் எந்தத் திசையில் கத்துவது என்று தெரியாமல் அவர் டீ சொன்னார். டிரைவருக்கும் சேர்த்து.

சாயங்காலம் அம்சவல்லி வயலில் கடைசிப் பட்டை அறுபட்டது. தார்ப்பாயை இழுத்து மூடும்போது தூறல் விழுந்தது. ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. அம்சவல்லி தார்ப்பாய்க்கு மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் கைக்கு அடியில் இருந்தது அவருடைய நெல். நான் அதைப் பற்றி ஒரு கிண்டல் யோசித்து வைத்திருந்தேன். சொல்லவில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?

"அஞ்சுதான் குடுக்க முடியுமா?" என்றார் அம்சவல்லி, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

"அஞ்சுதான் அத்தை அதிகபட்சம்."

"அந்தப் பொண்ணு சாப்பிடாமக் கூட உக்காந்திருந்துச்சுடா. நட்சத்திரத்தையா திங்கும்?"

நெல் அவிந்து, காய்ந்து, அரைபட்டதும் திருச்சி பஸ்ஸில் ஒரு மூட்டை புது அரிசி ஏறியது. மூட்டை மேல், எங்கள் வேலைக்குக் கம்பெனி போட்டுக் கொடுத்திருந்த டிக்கெட் எண்ணைப் பெரிதாக எழுதியிருந்தோம். அதே மாதிரி ஒரு சிப்பம் பிரகதாம்பாள் சித்திக்கும் போனது. சித்தி அன்று சீரியல் நடுவில் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் குந்தவை கூப்பிட்டார்.

"மூட்டை வந்துச்சுங்க. இங்க எல்லாருக்கும் பங்கு போட்டாச்சு. தியாகராசன் சாருக்கு அழுகையே வந்துடுச்சு. உங்க டிக்கெட் இன்னும் திறந்தே இருக்கு, மூடிடலாமா?"

அம்சவல்லி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"இரும்மா. சோத்தை வடிச்சுச் சாப்பிட்டுட்டு மூடு. புது அரிசி, தண்ணி கம்மியா வையி."

இப்போது தளத்தைத் திறந்தால் அடியில் ஒரு வரி இருக்கும். செம்மொழி போடச் சொன்னாள், நான் போட்டேன்: 'இந்தத் தளம் பிறந்து வளர்ந்த இடம், தியாகேசன் மோட்டார் கொட்டகை.' சித்தப்பா தினமும் காலையில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டாரைப் போடுகிறார். ஸ்டூலை இன்னும் எடுக்கவில்லை.