மூடாத கை

பார்வை அட்டையின் கடைசி வரியையும் அவன் படித்துவிட்டான். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்துகள் இருக்கும் வரி அது. நாற்பதைத் தாண்டியவர்கள் அங்கே வந்ததும் கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, மூன்றா எட்டா என்று பூவா தலையா போடுவார்கள். அவள் கணவனோ நாற்காலியில் முதுகு ஒட்டியபடியே இடமிருந்து வலமாக ஒருமுறை படித்துவிட்டு, யாரும் கேட்காமலே வலமிருந்து இடமாகவும் படித்தான்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"இன்னொரு தடவை பாரு."

"ரெண்டு தடவை பார்த்தாச்சுங்க."

"ஓரத்துல? பக்கவாட்டுல ஏதாவது வந்தா தெரியாம போகுதான்னு பாரு."

அதையும் பார்த்தாள். பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஒளிப்புள்ளி எங்கே தோன்றினாலும் பொத்தானை அழுத்த வேண்டிய சோதனை. ஒரு புள்ளியைக்கூட அவன் விடவில்லை. கண்ணாடிக் கடையின் இந்தப் பின்னறையில் பதினோரு வருஷமாகப் பார்வை சோதிக்கிறாள். குறை இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு உட்காருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறாள். குறை இருந்தால் தேவலை என்று வந்து உட்கார்ந்த ஆள் இவன் ஒருவன்தான்.

"அப்ப கண்ணு இல்ல," என்றான். "நான்தான்."

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தான். கிரேன் ஓட்டும் வேலையிலிருந்து தன்னை இறக்கிவிட்டு, கீழே கிடங்கில் ஏதாவது வேலை தரும்படி எழுதியிருந்தான். திங்கட்கிழமை மேலாளரிடம் கொடுப்பதாக முடிவு. பதினெட்டு வருஷமாக எட்டு மாடி உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே நிற்கும் ஆளின் கையை மட்டும் பார்த்து இரும்பை இறக்கியவன்.

"கையை மூடினா நிறுத்தணும். அவ்வளவுதான் என் வேலை. அன்னைக்குப் பாறைச் சரிவுல நீ கையை மூடினதைப் பார்த்தேன். பார்த்தும் என் கால் பிரேக்குக்குப் போகல. நம்ம வண்டிங்கறதால தம்பியோட தோள் எலும்போட போச்சு. கிரேன் ஓட்டுற யார்டுல கீழே ஆள் நிப்பான்."

அவள் லென்சுகளைத் துடைக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே துடைத்து வைத்தவைதான்.

காடு மேடெல்லாம் ஏறும் அந்த ஃபோர் வீல் டிரைவ் வண்டி அவளுக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்கு வந்தது. அதனால் அவள் கொழுந்தன் அதற்கு 'மூத்தவங்க' என்று பட்டம் கட்டியிருந்தான். "மூத்தவங்க வாசல்ல நிக்கறாங்க, நீங்க பாட்டுக்கு உள்ள உக்காந்திருக்கீங்களே அண்ணி, மரியாதை வேண்டாமா?" என்பான். மூத்தவளுக்கு வருஷம் தவறாமல் நகை வேறு. முன்னால் இடி தாங்க புல் பார், சேற்றில் சிக்கினால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள வின்ச், ஓடையில் இறங்கினால் மூச்சுவிட யானைத் தும்பிக்கை மாதிரி ஸ்நார்கெல், தலைக்கு மேலே இரும்புத் தட்டி, அதில் வரிசையாக நாலு விளக்கு. ஒவ்வொரு பெட்டி வந்து இறங்கும்போதும் அவள் கணவன் "இதோட சரி, இனிமே ஒண்ணும் வேண்டாம்" என்பான். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு. கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு முழு டயர் படுத்திருந்தது. அவள் அதன்மேல் துணி விரித்து வைத்தாள். வருகிறவர்கள் மேசை என்று நினைத்து டீ கப்பை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் காடு, பாறை, காய்ந்த ஆறு. ஆறேழு வண்டிகள் சேர்ந்து போகும். முதலில் அவள் பின் சீட்டில் மூட்டையோடு மூட்டையாகக் குலுங்கினாள். ஒருநாள் வழிகாட்டும் ஆள் வரவில்லை என்று அவளை இறக்கிவிட்டார்கள். பாறையில் ஏறி இறங்கும்போது ஓட்டுகிறவனுக்குத் தன் சக்கரம் தெரியாது. பானெட்டும் வானமும்தான் தெரியும். முன்னால் ஒருவர் நின்று கையால் வழிகாட்ட வேண்டும். நாலு பக்கம் நாலு பேர் கத்தினாலும் அந்த ஒருவரின் கையை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் சட்டம். விரல்கள் தன்பக்கம் மடங்கி மடங்கி அழைத்தால் வரலாம். கை மூடினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நூலிழை வித்தியாசங்களைப் பார்த்தே பிழைக்கிறவள் என்பதால் அவளுக்கு அது சுலபமாக வந்தது. "அண்ணி கை இருந்தா தூங்கிக்கிட்டே ஓட்டலாம்" என்று கூட்டமே சொன்னது.

அவளுக்கு அந்த வண்டியைப் பிடிக்காது. ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அந்தச் சில நிமிஷங்களுக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். வீட்டில் அவன் பேச்சு தோளுக்குப் பின்னாலிருந்து வரும். முகம் போனில் ஏதாவது ஒரு டயரின் படத்தோடு இருக்கும். பாறையில் மட்டும்தான், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, உலகத்தில் வேறொன்றும் இல்லாத மாதிரி அவளைப் பார்ப்பான். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. அன்று போட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்து வாரத்துக்கு முந்திய ஞாயிறு, போகிற வழியில் அவனிடம் ஒரு செய்தி சொன்னாள். புதிதாகத் திறக்கும் கடையில் சோதனை அறையின் முழுப் பொறுப்பும் அவளுக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். அவன் "ம்" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "டயர்ல காத்தை இறக்கணும், ஞாபகப்படுத்து" என்றான்.

சரிவில் அவள் முன்னால் நின்றாள். வண்டி மூக்கைக் கீழே வைத்து அங்குலம் அங்குலமாக இறங்கியது. கொழுந்தன் பக்கத்து சீட்டில். அவள் விரல்கள் அழைத்துக்கொண்டிருந்தன. கணவனின் கண்கள் அவற்றின்மேல். அப்போது அவளுக்குத் தோன்றியது: இவன் பார்ப்பது என்னையா, இந்தக் கையையா? இந்தக் கையை வெட்டி ஒரு குச்சியில் கட்டி நட்டுவைத்தால் அதையும் இப்படித்தானே பார்ப்பான்?

அவன் பக்கத்துப் பின்சக்கரத்துக்கு அடியிலிருந்து சரளை உதிர்ந்தது. அவள் பார்த்தாள். அடுத்து கல் நகரும் என்று தெரிந்தது. கையை மூட வேண்டும். மூடாவிட்டால் முகத்தைப் பார்ப்பானா என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்து நின்றது. இரண்டு நொடி. விரல்கள் வா வா என்றே சொல்லிக்கொண்டிருந்தன.

கல் போனது. களைத்த மாடு படுப்பதுபோல வண்டி ஒருக்களித்துப் பள்ளத்தில் படுத்தது. அதற்கப்புறம்தான் கை மூடிக்கொண்டது. பின்னால் இருந்து ஓடி வந்தவர்கள் பார்த்தது அந்த மூடிய கையைத்தான். சாய்ந்துகொண்டே அவன் பார்த்ததும் அதைத்தான். அவள் மூடினாள், இவன் நிறுத்தவில்லை என்று கூட்டம் அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டது.

முதல் நாள் ஆஸ்பத்திரி என்பதால் அவள் பேசவில்லை. மறுநாள் வீடு நிறைய ஆட்கள். மூன்றாம் நாள் அவன், "வண்டியை வித்துடறேன்" என்றான். அவளுக்குள் ஏதோ ஒன்று காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தது. அதை மகிழ்ச்சி என்று சொல்லக் கூசியது. வேறு பெயரும் கிடைக்கவில்லை. வண்டி போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டவளுக்கு, கூடவே கிரேனும் போகும் என்று தெரியாது.

கண்ணைச் சோதித்த பிறகு வந்த ஞாயிறு காலை வண்டியின் மேல்சாமான்களைக் கழற்றத் தொடங்கினார்கள். வாங்குகிறவர் மருந்துக்கடைக்காரர், மேல்சாமான் எதுவும் வேண்டாம், வெறும் வண்டி போதும் என்று சொல்லியிருந்தார். மாற்றிய கதவுக்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரிந்தது. அவன் ஏணியில் நின்று மேல்தட்டியின் போல்ட்டுகளைத் திருகினான். அவள் கீழே சாமான் பெட்டியோடு நின்றாள்.

கொழுந்தன் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"மூத்தவங்களுக்கு நகையைக் கழட்டறீங்களா? பாவம் அண்ணா, அம்போன்னு நிக்கறாங்க."

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு. ஒத்தைக் கையால அந்த விளக்கைப் பிடி."

"ஒத்தைக் கையால விளக்கும் பிடிக்கணும், வாயும் மூடணும்னா எப்படி?"

கணவன் சிரிக்கவில்லை. கொழுந்தன் அவள் பக்கம் நகர்ந்து வந்து குரலைத் தாழ்த்தினான்.

"என்ன அண்ணி இது? கிரேன்ல இருந்தே இறங்கப் போறாராமே? நீங்க சொல்லக் கூடாதா?"

"நீங்க பக்கத்துல இருந்தீங்களே தம்பி," என்றாள். "அன்னைக்கு என் கையைப் பார்த்தீங்களா?"

அவன் அண்ணனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டான். "உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டிருந்தேன். சரிவு வந்தாலே அப்படித்தான், நாலு வருஷமா. அண்ணாவுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியென்றால் பார்த்தவர் யாருமே இல்லை. அவள் சொல்லாவிட்டால் உலகத்தில் அது நடக்கவே இல்லை.

கழற்றிய விளக்குகளைக் கொழுந்தன் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் வைக்கப் போனான்.

"பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் குடு," என்றான் கணவன்.

கொடுத்தாள். "அன்னைக்கு நான் கையை மூடல."

"என்ன?"

"வண்டி சாய்ஞ்சப்புறம்தான் மூடினேன். அதுவரைக்கும் வா வான்னுதான் காட்டிக்கிட்டிருந்தேன்."

அவன் ஏணியிலிருந்து அவளைப் பார்த்தான். முகம் இளகியது. குனிந்து அவள் தலையில் கையை வைத்து லேசாக அசைத்தான். "கண்ணுல ஒண்ணும் இல்லன்னதும் பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கறியா? நீ கை தவறுவேன்னு சொன்னா நம்ம குரூப்புல சின்னக் குழந்தைகூட நம்பாது. விடு."

திரும்பி போல்ட்டைத் திருகினான்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உண்மையைச் சொல்லியாயிற்று; நம்பாதது அவன் பாடு. நிறுத்திக்கொள்ளலாம் என்று எவ்வளவு சீக்கிரம் மனசு ஒத்துக்கொள்கிறது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவன் முதுகைப் பார்த்தாள். குனிந்தபோது சட்டைப் பையில் அந்தத் தாள் துருத்திக்கொண்டு தெரிந்தது. நாளைக்கு அவன் அதை நீட்டுவான். அதற்கப்புறம் ஆயுசுக்கும் தன் காலையே சந்தேகப்பட்டுக்கொண்டு நடப்பான்.

"கை தவறல," என்றாள். "தெரிஞ்சேதான் மூடாம இருந்தேன்."

ஸ்பேனர் நின்றது.

"உங்க பக்கத்துப் பின்சக்கரத்துக்குக் கீழே சரளை உதிர்ந்துச்சு. பார்த்தேன். கல்லு நகரும்னு தெரிஞ்சுது. மூடலன்னா என் மூஞ்சியைப் பார்ப்பீங்களான்னு... அப்படி ஒண்ணு தோணிச்சு. வண்டி கவுந்துடும்னு நினைக்கல. நினைச்சேனோ என்னவோ, அதுவும் தெரியல."

அவன் இறங்கி வந்தான். கோபத்தில் இறங்கவில்லை, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினான்.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நொடி இருக்கும்."

"முதல்ல சரளை. அப்புறம் கல்லு?"

"ஆமா."

"அப்ப கை எப்படி இருந்துச்சு? காட்டு."

காட்டினாள். நான்கு விரல்களும் மடங்கி மடங்கி அழைத்தன. அவன் அதைப் பார்த்தான். பிறகு கையை விட்டு, அவள் முகத்தைப் பார்த்தான். பார்வை வேறெங்கும் போகாமல், நெற்றியிலிருந்து தாடைவரை, முதல்முறையாக ஒரு ஆளைப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான். அவளால் அதைத் தாங்க முடியவில்லை. சாமான் பெட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"யார்டுல தப்பாக் கை காட்டினவனை நாங்க மறுநாளே டீ குடிக்கக் கூப்பிடுவோம்," என்றான். "தெரிஞ்சும் காட்டாம நின்னவனை..."

பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தான். ஒருமுறை முழுக்கப் படித்தான். இரண்டாக, நான்காக, எட்டாகக் கிழித்து, துண்டுகளைக் கீழே போடாமல் திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டான். மூச்சை இழுத்து விட்டான். ஐந்து வாரமாகக் கூனியிருந்த தோள் நிமிர்ந்ததை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்த நிமிர்வுக்காகத்தான் சொன்னோம் என்று நினைத்துக்கொள்ள முயன்றாள்.

கொழுந்தன் திரும்பி வந்தான். "என்ன அண்ணா, இறங்கிட்டீங்க? முடிஞ்சுதா?"

"மருந்துக்கடைக்காரருக்குப் போன் போடு. வண்டி கொடுக்கலன்னு சொல்லு."

"என்னது?"

"என் கண்ணுலயும் கால்லயும் ஒரு குறையும் இல்ல. நாளைக்கு யார்டுக்கும் போறேன்."

"அப்பாடா! நான்தான் அன்னைக்கே சொன்னேனே, நேரம் சரியில்லைன்னு. அண்ணி, கேட்டீங்களா? மூத்தவங்க இருக்காங்க, எங்கயும் போகல!" தூளியில் கட்டிய கை குலுங்க அவன் சிரித்தான்.

அவன் அண்ணன் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது மன்னிப்பா, இல்லை யாரிடமும் சொல்லிப் பயனில்லாத ஒன்றாக அவளை ஒதுக்கி வைத்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"உன் எலும்பு கூடினதும் போவோம்," என்றான் தம்பியிடம். "நீதான் முன்னாடி நிக்கணும்."

"நானா? அண்ணி இருக்கறப்ப நான் எதுக்கு? கட்டு பிரிச்சாலும் இந்தக் கையைத் தூக்கவே ஆறு மாசம் ஆகும்."

"ஒத்தைக் கை போதும்."

கொழுந்தன் அவளைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான்.

கணவன் மேல்தட்டியை மறுபடி இடத்தில் பொருத்தத் தொடங்கினான். ஏணியில் ஏறியபின்தான் ஸ்பேனரைக் கீழேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. அது அவள் காலடியில், பெட்டி மூடியின்மேல் கிடந்தது. அவள் குனியப் போனாள். அதற்குள் அவன் இறங்கி வந்து, அவள் கைக்கு முன்னால் குனிந்து அதை எடுத்துக்கொண்டு, மறுபடி ஏறினான்.