சுமை ஏறினால் வரும் சத்தம்

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, அதன் முனையைப் பின்சக்கரத்து கியர் பெட்டியின்மேல் வைத்தார். வண்டி சென்டர் ஸ்டாண்டில் ஏறி நின்றது. சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக் கேட்டார். எண்ணெய்க்குள் பற்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சத்தம்தான். சண்டை சச்சரவு இல்லாத, நல்ல குடும்பத்துச் சத்தம்.

"ஒண்ணும் இல்ல மாப்ள," என்றார்.

பக்கத்தில் குந்தியிருந்தவர் அவருடைய தங்கையின் கணவர். மருந்துக் கம்பெனியில் பதினேழு வருஷமாக, இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிய பைக்கில் மருந்து கொண்டுபோகிறவர். ஒரு நாள்கூடப் பிந்தி வந்ததில்லை என்பதால் கம்பெனியில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர்.

"காலைல கத்துது மச்சான். எழுபதைத் தாண்டினா இடது ஃபுட்ரெஸ்ட் கிர்ருனு நடுங்குது. உள்ளங்கால்ல எறும்பு ஊர்ற மாதிரி. கிளட்ச்சைப் புடிச்சு உருள விட்டாலும் நிக்கல. அப்ப இன்ஜின் இல்லதான?"

"காலைல கச்சேரி, சாயங்காலம் மௌன விரதமா? நல்ல வண்டியாத்தான் வாங்கியிருக்காங்க."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் மெக்கானிக் வேலையில் குறை வைக்கவில்லை. அது செயின் இல்லாத வண்டி. இன்ஜினின் சுழற்சியை ஓர் இரும்புத் தண்டுதான் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. எண்ணெயை வடித்து இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துப் பார்த்தார், துகள் இல்லை. டயரைத் தடவிப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பாலம் வரை எண்பதில் போய்த் திரும்பினார். வெண்ணெய் மாதிரி போனது. பதிவேட்டில், 'சத்தம் இல்லை, வண்டி நல்ல நிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மாதத்தில் அது மூன்றாவது கையெழுத்து.

ஷெட்டுக்குள் வரும் வண்டியில் பெட்டிகள் காலியாக இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. குளுக்கோஸ் பாட்டில் அடுக்கிய பெட்டிகளுக்குக் காலையில் குடோனிலேயே சீல் வைத்துவிடுவார்கள்; ஷெட் ஆட்கள் அவற்றைத் தொடக் கூடாது. அதனால் மெக்கானிக்கின் கைக்கு வருவதெல்லாம் சுமையை இறக்கி வைத்துவிட்டு வந்த வண்டிகள்தான். சுமையோடு ஒரு வண்டியை அவர் ஓட்டிப் பார்த்ததே கிடையாது. இருபது வருஷத்தில் அது ஒரு குறையாக அவருக்குத் தோன்றியதும் இல்லை.

மூன்று புகார், மூன்று கையெழுத்து. மேனேஜர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வண்டியில் இல்லாத நடுக்கம் ஆளிடம்தான் இருக்க வேண்டும் என்று கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல் என்றார். கடிகாரத்தைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் இடது உள்ளங்காலில் பத்து இடம் தொட்டார். எட்டு இடம் தெரிந்தது. ஃபுட்ரெஸ்ட் பதிந்து பதிந்து காய்ப்பு ஏறியிருந்த நடுப்பாதத்தில் இரண்டு இடம் தெரியவில்லை. 'பாத நரம்பு பாதிப்பு, வாகனம் ஓட்டத் தகுதியில்லை' என்று சீட்டு வந்தது.

ஹெல்மெட்டை ஒப்படைக்கும்போது குடோன் ஆள் ஒருவன், "ஊருக்கெல்லாம் குளுக்கோஸ் சுமந்தீங்க, வழியில கொஞ்சம் உள்ள இறங்கிடுச்சு போல!" என்றான். கடிகாரமும் சிரித்தார். அதற்குச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அதன் பிறகு வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தார். லைசென்சைப் புதுப்பிக்கப் போன இடத்தில் பழைய கம்பெனியின் மருத்துவச் சீட்டைக் கேட்டார்கள். சீட்டைக் காட்டினால் லைசென்ஸ் இல்லை, காட்டாவிட்டாலும் இல்லை. வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடந்தார். காலில் ஆணி ஏறினால்கூடத் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் மனைவி முகம் பார்க்கும் கண்ணாடியை அவருடைய பாதத்துக்கு அடியில் பிடித்துக் காயம் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, துடைப்பக் குச்சியால் பத்து இடம் தொடுவாள்.

நான்காவது மாதம், அந்த வண்டியை ஓட்ட வந்த புது ஆள் ஷெட் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. எழுபதுல போனா இடது கால் கிர்ருங்குது. எறும்பு ஊர்ற மாதிரி."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எப்ப?"

"காலைல லோடோட போறப்ப. திரும்பி வர்றப்ப ஒண்ணும் தெரியல."

மெக்கானிக் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். தீயணைக்க வைத்திருந்த மணலை நான்கு சாக்கில் அள்ளிக் கட்டி, பக்கத்துக்கு இரண்டாகப் பெட்டிகளில் திணித்தார். வண்டியின் பின்பக்கம் நான்கு விரல் தாழ்ந்தது. ஏறி உட்கார்ந்து பாலத்துப் பக்கம் விட்டார். அறுபது. அறுபத்தைந்து. எழுபதில் இடது உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்தது. கிளட்ச்சைப் பிடித்தார். ஊர்ந்தது. பாலத்தில் திரும்பாமல் அதே வேகத்தில் இன்னும் வெகுதூரம் போனார்.

ஷெட்டுக்கு வந்து, ஷாஃப்ட் என்னும் அந்த இரும்புத் தண்டைக் கழற்றினார். தண்டு வளைந்து கொடுக்கும் மூட்டில் கூட்டல் குறிபோல ஓர் இரும்பு இருக்கும், கிராஸ் என்பார்கள். விரலால் அசைத்தார். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. இன்னும் கொஞ்சம் வளைத்தபோது டக்கென்று மாட்டியது. மூடியைத் தட்டி எடுத்தார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து செங்கல் நிறத்தில் துருப்பொடி கொட்டியது. ஸ்டாண்டில் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும்; காலியாக ஓட்டினால் கொஞ்சம் மேலேறும்; பெட்டி நிறைந்தால் இன்னும் மேலேறும். அந்தக் கடைசி வளைவில்தான் கிராஸ் தேய்ந்திருந்தது. அந்த வளைவுக்கு அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை.

புது கிராஸ் போட்டு வண்டியைத் தயார் செய்துவிட்டு, பழையதைத் துணியில் சுற்றிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார்.

"வண்டி சரியாயிடுச்சுல்ல? அப்புறம் என்ன?" என்றார் மேனேஜர்.

"அவரைத் திரும்பக் கூப்பிடணும் சார். அவரு சொன்னது நெஜம். கால்ல ஒண்ணும் இல்ல."

மேனேஜர் மாப்பிள்ளையின் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். "இந்த மூணு கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான்."

"வண்டி நல்லாருக்குன்னு எழுதினது நீங்க. கால் சரியில்லன்னு எழுதினது டாக்டர். ரெண்டையும் சேர்த்துப் பின் அடிச்சது மட்டுந்தான் நான்."

"நான் எழுதினது தப்புன்னு எழுதித் தர்றேன் சார்."

"எழுதினா, ஓட்டை வண்டியை மூணு தடவ ரோட்டுக்கு அனுப்பினதா ஆகும். குடும்பத்துல சம்பளம் வாங்குற ஆள் ஒருத்தராவது வேணாமா? யோசிச்சுக்குங்க."

மெக்கானிக் நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, மேசையிலிருந்த ஃபைலில் வைக்காமல், அலமாரியிலிருந்து வண்டியின் ஃபைலை எடுத்து அதில் வைத்தார்.

"இது அவரு ஃபைல்ல இருக்கணும் சார்."

"ஆளு ஃபைலு மூடியாச்சு. டாக்டர் சீட்டை டாக்டர்தான் மாத்தணும். அவரும் போன மாசமே போயிட்டாரு. வேற கம்பெனி."

மறுநாள் காலை மெக்கானிக் தங்கை வீட்டுக்குப் போனபோது, மாப்பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து இடது காலை ஒரு முக்காலியின்மேல் நீட்டியிருந்தார். தங்கை கண்ணாடியோடு கீழே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மச்சான், காலங்காத்தால? ஷெட்டுக்கு லீவா?"

மெக்கானிக் துணியைப் பிரித்து கிராஸை அவர் உள்ளங்கையில் வைத்தார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அதன் மூடியை விரலால் மெல்லத் திருப்பினார். டக்.

"இதேதான்," என்றார். இன்னொரு முறை திருப்பினார். "இதேதான் மச்சான். அப்ப என் காலு பொய் சொல்லல."

"இல்ல மாப்ள. நான்தான் காலிப் பெட்டியோட ஓட்டிட்டுக் கையெழுத்துப் போட்டேன்."

"அட, விடுங்க. சீல் வச்ச பெட்டியோட ஓட்டியிருந்தா உங்க வேலையில்ல போயிருக்கும்?" மாப்பிள்ளை சிரித்தார். "எப்ப வரச் சொன்னாங்க?"

மெக்கானிக் தெருவைப் பார்த்தார்.

"அண்ணே, எப்ப வரச் சொன்னாங்க?" என்றாள் தங்கை.

மெக்கானிக் கையிலிருந்த வெறும் துணியை மடித்தார். மாப்பிள்ளையின் சிரிப்பு முகத்திலிருந்து போகச் சற்று நேரமாயிற்று. கிராஸை மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி," என்றார் மனைவியிடம், "நீ பாரு. பாதியில விட்டுட்ட."

"கண்ணை மூடுங்க."

மூடினார். அவள் துடைப்பக் குச்சியால் குதிகாலைத் தொட்டாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"இங்க?"

"தெரியுது."

தெருக்கோடியில் அந்த வண்டி திரும்பியது. இரண்டு பக்கமும் சீல் வைத்த பெட்டிகள். பின்பக்கம் நான்கு விரல் தாழ்ந்திருந்தது. வீட்டைத் தாண்டிப் போகும்போது டயர் தார் ரோட்டில் ஒட்டிப் பிரியும் ஓசையும் இன்ஜினின் சீரான உறுமலும் மட்டும் கேட்டன. மாப்பிள்ளை கண்ணைத் திறக்காமலேயே முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார்.

"நல்லாப் பார்த்திருக்கீங்க மச்சான்," என்றார்.

நான்கு மாதமாக பூட்ஸ் மாட்டாத காலில் காய்ப்பு முழுவதும் உரிந்து போயிருந்தது. நடுப்பாதத்தில் புதுத்தோல், இளஞ்சிவப்பாக, இன்னும் மண்ணைத் தொடாதது போல இருந்தது. கடைசியாக அங்கே குச்சி பட்டும் படாததுமே பாதம் கூசிப் பின்னால் இழுத்துக்கொண்டது.

"பத்துக்குப் பத்துண்ணே," என்றாள் தங்கை, குச்சியைக் கையில் வைத்தபடி.