அம்மாவின் கிண்ணம்

அம்மா போய் எட்டு மாதம். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டு அக்கா போனில் சொன்னதும் அலறியடித்துக்கொண்டு ஓடினேன். நெற்றியில் மூன்று தையல்.

"பயப்படாதம்மா, உங்கம்மா தாங்கிப் பிடிச்சுட்டா," என்றார் அப்பா, சாவகாசமாக.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடவே கோபமும் வந்தது. எதற்கெடுத்தாலும் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். "என்னப்பா உளர்றீங்க?"

"தினம் வர்றா. ஜன்னல் பக்கம் உக்கார்றா. பேசத்தான் மாட்டேங்கிறா. மாத்திரைய மட்டும் ஒழுங்கா போட்டுக்கிறா."

மறுநாள் காலை அப்பா மேசையில் இரண்டு கிண்ணங்களை வைத்தார். ஒன்றில் அவருடைய ரத்த அழுத்த மாத்திரை, மற்றதில் அம்மாவின் கைநடுக்க மாத்திரைகள். கிண்ணத்தில் மாத்திரை இருந்தால் இன்னும் போடவில்லை, காலியென்றால் போட்டாயிற்று. மறதிக்கார அப்பாவுக்காக அம்மா கொண்டுவந்த சட்டம் அது. அப்பா தன்னுடையதை விழுங்கிவிட்டுச் செய்தித்தாளை விரித்தார். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஜன்னல் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

கால் மணி நேரம் கழித்து அப்பா நிமிர்ந்தார். அம்மாவின் கிண்ணம் கண்ணில் பட்டது. "அடடா, இன்னும் போடவே இல்லையே!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, இருந்ததை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டார். நான் ஓடிவருவதற்குள் தண்ணீரும் குடித்தாயிற்று. சற்று நேரத்தில் காலிக் கிண்ணத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா, போட்டுக்கிட்டா."

டாக்டருக்குப் போன் செய்தேன். "அந்த மாத்திரை வயசானவங்களுக்கு இல்லாத ஆளக்கூடக் காட்டும். தலைசுத்தி விழவும் வைக்கும். உடனே நிறுத்துங்க," என்றவர், "அம்மா போய் இத்தனை மாசமாச்சே, இன்னும் யாரு வாங்கிக் குடுக்கறாங்க?" என்று கேட்டார்.

நான்தான். இருவருக்கும் சேர்த்து மருந்துக்கடையிலிருந்து மாதாமாதம் பார்சல் வர ஏற்பாடு செய்தவள் நான். பட்டியலில் அம்மாவின் வரியை அடிக்க எனக்குக் கை வரவில்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள், பெற்ற அப்பாவை விழவைத்திருக்கிறேன். அவமானமாக இருந்தது.

அன்றே மிச்ச அட்டைகளையெல்லாம் வாரிக்கொண்டுபோய்க் கடையில் கொடுத்தேன். அந்த வரியை என் கண் முன்னாலேயே அடிக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். தலையாட்டினார்.

மூன்று வாரத்தில் அவர் நடை திடமாகிவிட்டது. நான் ஊருக்குக் கிளம்பப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"அவ இப்பல்லாம் வர்றதில்லம்மா."

நான் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

"நீ சொன்னது புரியுது. எல்லாம் அந்த மாத்திரை பண்ற வேலைதான்." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையா?"

"இல்லப்பா," என்றேன்.

அம்மாவை எடுத்த அன்றுகூட அழாத மனிதர், அப்போது அழுதார்.