வண்டிக்கு அடியில் ஒரு சாக்கு

மூக்காயி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து சேவுகன் கத்தியைத் தொடவில்லை. முகம் மழிக்கவில்லை, கோழி அறுக்கவில்லை, ஊரில் சாவு விழுந்தால் பாடை தூக்கவும் போகவில்லை. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் ஓர் உயிரை எடுத்தால் அது பிள்ளையின் தலையில் விடியும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட சங்கதிதான். ஆனால் மற்றவர்கள் ஆடு கோழியோடு நிறுத்திக்கொள்வார்கள். சேவுகன் மூட்டைப்பூச்சியைக்கூட நசுக்காமல் எடுத்து வெளியே விட்டான். அது மறுபடி உள்ளே வந்து அவனையே கடித்தது.

கேலி பேசியவர்களும் ஓரளவுக்கு மேல் பேசவில்லை. அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். முதலாவது வயிற்றில் ஏழாம் மாதத்திலேயே போய்விட்டது. இரண்டாவது முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய பிறகு போனது. அந்தச் சிரிப்பைப் பற்றி வீட்டில் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை.

மூக்காயியே அப்படித் தப்பிப் பிழைத்தவள்தான். அவளுக்கு முன்னால் பிறந்தவை தங்காததால், அவள் பிறந்ததும் பழஞ்சாக்கு ஒன்றில் கிடத்தி, குப்பையில் கிடந்த பிள்ளை என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துப் பெற்றவர்களிடமே தவிட்டுக்கு விற்றாள். பிறகு மூக்கைக் குத்திப் பெயரும் வைத்தார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை ஏமாற்றுகிற வழி அது. "இந்தப் புள்ளைக்கும் அப்புடித்தான் செய்யணும், ஒரு சாக்கும் தவிடும் தயாரா இருக்கட்டும்" என்று மருத்துவச்சி சந்தனம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள்.

இரண்டாம் உலகச் சண்டைக்காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் லாரிகள் கரியடுப்பை முதுகில் சுமந்துகொண்டு இருமிக்கொண்டே போயின. பாதி வழியில் நின்றும் போயின. அதனால் மாட்டு வண்டிக்கு மறுபடி மவுசு வந்திருந்தது. மணமேல்குடியில் உப்பும் கருவாடும் ஏற்றிப் புதுக்கோட்டைச் சந்தையில் இறக்குவது சேவுகனின் பிழைப்பு. அறந்தாங்கிக்குப் பக்கத்தில் இருந்த அவன் ஊர் இரண்டுக்கும் நடுவில் கிடந்ததால், போகும்போதும் வரும்போதும் வீட்டில் சோறு தின்னலாம்.

ஆனி மாதத்தில் ஒரு காலை, வெறும் வண்டியோடு மணமேல்குடிக்குப் போய்க்கொண்டிருந்தான். மாடுகளுக்கு வழி தெரியும் என்ற தைரியத்தில் கண்ணயர்ந்துவிட்டான். வற்றிப்போன கண்மாயின் கரையில் வண்டி ஒரு பக்கம் ஏறி இறங்கியது. சேவுகன் குதித்துப் பார்த்தான். தண்ணீர் தேடிக் கரையேறி வந்த ஆமை ஒன்று, சக்கரத்தடத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. ஓட்டின் ஓரம் பிளந்திருந்தது. பின்னங்கால் ஒன்றில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

மூட்டைப்பூச்சிக்குப் பார்த்தவன், தூங்கிக்கொண்டே ஓர் உயிரின் மேல் வண்டியை ஏற்றிவிட்டான்.

ஆமை மெல்லத் தலையை நீட்டி அவனைப் பார்த்தது. உயிர் இருந்தது. இனி அது போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கே வைத்துப் பார்ப்பது? வீட்டுக்குள் ஆமை வந்தால் குடும்பம் விளங்காது என்றும் அதே ஊர்தான் சொல்கிறது. சாகவிட்டால் பிள்ளைக்கு ஆகாது, வீட்டில் வைத்தால் வீட்டுக்கே ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் சேவுகனுக்கு மிஞ்சியது வண்டியின் அடிப்பக்கம். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொள்ள அச்சுக்குப் பின்னால் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். வைக்கோலை எடுத்து மேலே போட்டுவிட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் சாக்கை நனைத்து ஆமையை அதற்குள் வைத்தான். அது தூளிப்பிள்ளை போல ஆடிக்கொண்டே மணமேல்குடிக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே வத்தை என்கிற மீன்பிடிப் படகுகளுக்கு ஓட்டை அடைக்கிற சவரியப்பன் அவனுக்குப் பழக்கம். கரையில் குங்கிலியப் பிசினை எண்ணெயில் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா சேவுகா, தாடியும் ஆமையுமா வந்து நிக்கிற? சாமியாராப் போயிட்டியா?"

"அண்ணே, இது சாகக்கூடாதுண்ணே. வீட்ல அவ மாசமா இருக்கா."

சவரியப்பனின் சிரிப்பு நின்றது. ஆமையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரத்துல ஒழுக்குன்னா அடைச்சுருவேன். இது உசுரு. எனக்குத் தெரிஞ்சதச் செய்யிறேன், மிச்சத்த அந்தோணியார் பாத்துக்கட்டும்" என்றார். பிளவைக் கழுவி, வேப்பெண்ணெயில் நனைத்த துணியை வைத்து, சுற்றிலும் ஓட்டின் மேல் மட்டும் ஆறிய குங்கிலியத்தைப் பூசினார். காலுக்கு மஞ்சள் போதும் என்றார்.

அன்றிலிருந்து சேவுகன் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்துவதை விட்டுவிட்டு, வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தினான். ஏன் என்று மூக்காயி கேட்டாள். நிழல் என்றான். அந்த மரத்தில் பாதிக் கிளையை ஆட்டுக்கு ஒடித்துப் போட்டிருந்தார்கள். அவள் மரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வைத்தியத்தைவிடச் சாப்பாடுதான் பெரும்பாடு. கீரையைப் போட்டான், ஆமை திரும்பிப் பார்க்கவில்லை. நத்தையும் தவளையும் தின்கிற பிராணி அது என்று சவரியப்பன் சொல்லியிருந்தார். இந்த உயிரைக் காப்பாற்ற அந்த உயிரை எடுத்தால் கணக்கு எங்கே போய் முடியும்? கடைசியில் ஏற்கனவே செத்துப்போன கருவாட்டை ஊறவைத்துப் போட்டான். ஆமை ஒரு கடி கடித்துவிட்டுத் துப்பியது.

ஆனாலும் அது தேறியது. பட்டினி கிடந்தே தேறியது என்று சேவுகன் நம்பினான். மாடு குளிப்பாட்டிவிட்டுத் திரும்பினால், காய்ந்திருக்கும் என்று நினைத்த சாக்கு ஈரமாகவே இருக்கும். காலில் அவன் எப்போதோ பூசிய மஞ்சள் அன்றைக்குப் பூசியது போல அப்பிக்கொண்டிருக்கும். நல்ல மஞ்சள் என்று நினைத்துக்கொண்டான். அய்யனார் கண் திறந்துவிட்டார் என்றுகூட நினைத்தான். தவிட்டுப்பானை சீக்கிரம் சீக்கிரமாகக் குறைந்ததையும் பார்த்தான். எலி என்று முடிவு கட்டினான். வேறு என்னவாக இருக்கும் என்று யோசிக்கிற புத்தியை அந்த மனுஷனுக்குக் கடவுள் கொடுக்கவில்லை. நல்ல மனசைக் கொடுத்ததோடு கை ஓய்ந்துபோயிருக்க வேண்டும்.

புரட்டாசியில் பிளவு மூடிவிட்டது. ஆமை சாக்குக்குள் நிற்காமல் பிறாண்டியது. "மழை வந்து கண்மாயில தண்ணி கெடக்கே, விட்ர வேண்டியதுதானே" என்றார் சவரியப்பன். சேவுகன் தலையாட்டிவிட்டு வந்தான், விடவில்லை. கண்முன்னால் உயிரோடு இருந்தால்தான் அவனுக்கு மூச்சு வந்தது. கண்மாயில் விட்ட பிறகு ஏதாவது நரி தூக்கிக்கொண்டு போனால் யார் வந்து சொல்வார்கள்? பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம். ஒவ்வொரு நாள் விடிந்ததும் முதலில் சாக்கைத் தொட்டுப் பார்த்து, உள்ளே அசைவு தெரிந்த பிறகுதான் பல் துலக்கினான்.

ஐப்பசி அடைமழையில் ஒரு விடியற்காலை மூக்காயிக்கு வலி எடுத்தது. முதல் இரண்டும் தாய்வீட்டுப் பிரசவம் என்பதால் இந்தத் தடவை அவள் போக மாட்டேன் என்றிருந்தாள். சந்தனம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சேவுகன் மழையில் வண்டிக்கும் வாசலுக்குமாக நடந்தான். வாசலில் நின்றால் அவள் முனகல் கேட்டது. வண்டியிடம் போனால் சாக்குக்குள் பிறாண்டுவது கேட்டது. எதைக் கேட்பது என்று தெரியாமல் தவித்தான்.

நன்றாக விடிந்த பிறகு பிள்ளை அழுதது. கணீரென்று, ஊரை எழுப்புகிற அழுகை.

சேவுகன் வாசலுக்கு ஓடினான்.

"பொட்டப்புள்ள, நல்லாருக்கு!" என்று சந்தனம் உள்ளிருந்து கத்தினாள். "எங்கய்யா சாக்கு? எடுத்து வைக்கச் சொன்னேன்ல? சீக்கிரம் கொண்டா!"

சாக்கை அவன் சுத்தமாக மறந்துபோயிருந்தான். வீட்டில் இருந்ததெல்லாம் உப்புச் சாக்கு. பிள்ளையின் தோல் எரிந்துபோகும். அவன் திகைத்து நிற்கும்போது, களைத்துப்போன குரலில் மூக்காயி சொன்னாள்.

"வண்டிக்கு அடியில ஒண்ணு தொங்குதுல்ல, அதக் கொண்டாங்க."

"அது... அது வேணாம் புள்ள. அதுல வந்து..."

"ஆமைய எறக்கிவிட்டுட்டுத்தான் கொண்டாங்களேன்."

ஈரச் சாக்கும் அழியாத மஞ்சளும் தவிடு தின்ற எலியும் ஒன்றன் பின் ஒன்றாகச் சேவுகன் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தன.

ஓடினான். சாக்கை அவிழ்த்து, ஆமையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனான். நரி நினைவே வரவில்லை. தண்ணீரோரம் வைத்ததும் அது கழுத்தை நீட்டி ஒரு நொடி நின்றது, பிறகு இறங்கிப் போயிற்று. குங்கிலியம் பூசிய இடம் கொஞ்ச நேரம் தண்ணீருக்கடியில் பளபளத்தது. பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. சாக்கை அலசிப் பிழிந்து, மேலே தன் துண்டை விரித்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

சந்தனம் பிள்ளையை அதில் கிடத்தி, குப்பையில் கிடந்ததை எடுப்பது போல எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "இந்தா, யாருக்கும் வேண்டாத புள்ள. தவிட்டப் போட்டுட்டு வாங்கிக்க."

சேவுகன் தவிட்டுப்பானைக்குள் கை விட்டான். அடியில் ஒரு பிடிதான் இருந்தது.

"மீன்குடலோட பெசஞ்சு குடுத்தாத்தான் அது திங்கும்" என்றாள் மூக்காயி உள்ளிருந்து. "தின்னது போக மிச்சம் அவ்வளவுதான்."

"ஒனக்கு எப்பத் தெரியும் புள்ள?"

"நீங்க நெழல்னு சொன்ன அன்னைக்கே. நான் பயந்துருவேன்னு நீங்க அந்தப் பயம் பயந்தீங்க. தெரியும்னு சொன்னா நீங்க ஒடஞ்சு போயிருவீங்களேன்னு நானும் சொல்லல."

சேவுகன் தாடியெல்லாம் நனைய அழுதான், வெட்கப்படவே இல்லை. அந்த ஒரு பிடித் தவிட்டைச் சந்தனத்தின் முந்தானையில் போட்டான். "அடேயப்பா, ரொம்ப மலிவா வாங்கிட்டய்யா" என்று சிரித்துக்கொண்டே அவள் பிள்ளையைக் கொடுத்தாள். அவன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.