இடிப்பதற்கு முந்தின சனிக்கிழமை

என் மாமனாரைக் கொன்றது நான்தான் என்று பண்ணைப்புரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேரிடம் என் மாமியார் இன்னும் சொல்லி முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மார்கழியில் நடந்தது. காலையில் நான் சோப் ஆயில் ஊற்றிக் குளியலறையைத் தேய்த்துக் கழுவினேன். அரைமணி நேரம் கழித்து மாமா குளிக்கப் போனார். சத்தம் கேட்டு, தாழ்ப்பாளை உடைத்துப் பார்த்தபோது குழாய்க்குக் கீழே நெற்றி பிளந்து கிடந்தார். எழுபத்து நாலு வயது ஆளை எதற்கு அறுத்துப் பார்க்க வேண்டும் என்று அப்படியே காரியத்தை முடித்துவிட்டார்கள். பிணத்தைச் சுற்றி ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருக்க, என் மாமியார் மொக்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டு, "சோப்ப ஊத்தி வழுக்க விட்டாளே, எஞ்சாமியச் சாச்சுப்புட்டாளே" என்று ஒப்பாரியிலேயே வைத்துப் பாடினார். பேச்சாக வந்திருந்தால் நாலு நாளில் மறந்திருப்பார்கள். பாட்டாக வந்ததை யார் மறப்பார்கள்?

மாமா போனது அவிட்டம் நட்சத்திரத்தில். ஆறு மாதம் அடைப்பு, உயிர் போன இடத்தைப் பூட்டி வைக்க வேண்டும் என்றார் ஜோசியர். மற்ற வீடுகளில் ஓர் அறையைப் பூட்டுவார்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே குளியலறையைக் கக்கூசோடு சேர்த்துப் பூட்டினோம். கொல்லையில் தகரம் அடைத்துக் குளித்தோம். மற்றதற்குப் பக்கத்து வீட்டுச் சந்தனம்மாளிடம் போய் வாளியோடு நின்றேன். "பாத்துப் போ, வழுக்கும்" என்பாள், ஒரு நாள் விடாமல்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதை விட்டுவிட்டேன். என் மகள் திரிஷாவை அப்படி விட முடியவில்லை. ஒன்பதாவது படிக்கிறாள். தாத்தா என்றால் உயிர். ஒருநாள் நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, திரும்பாமலே, "இன்னும் ஒரு வாளி தண்ணி ஊத்தியிருக்கலாம்லம்மா" என்றாள். அன்றிலிருந்து அவளே பின்னிக்கொள்கிறாள். நான் இரண்டு வாளி ஊற்றினேன். ஊற்றினேன் என்றுதான் நினைக்கிறேன். ஆறு மாதம் ஊரே ஒன்றைச் சொன்னால், சொந்தக் கை செய்ததுகூடச் சந்தேகமாகிவிடுகிறது.

ஆனி பிறந்து அடைப்பு முடிந்தது. ஐயர் வந்து பரிகாரம் செய்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் விஜய்பாண்டி, ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பை வைத்திருக்கிறார். திங்கட்கிழமையே அந்தக் குளியலறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "கீசரு, பைப்பு எதையும் கழட்ட வேணாம். எல்லாத்தையும் சேத்து ஒடச்சு அள்ளிக் கொட்டிருங்க" என்று கொத்தனார் சுருளிராஜனிடம் சொன்னார். துருப்பிடித்த ஆணியைக்கூட டப்பாவில் போட்டு வைக்கிற மனிதர். அப்பன் செத்த இடத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் பாவப்பட்டேன்.

சுருளிராஜன் கேட்கிற ஆள் இல்லை. சனிக்கிழமை மத்தியானமே சாக்கும் திருப்புளியுமாக வந்துவிட்டார். வீட்டுக்காரர் ஜீப்பில் போயிருந்தார், திரிஷா டியூஷனுக்கு.

"இடிக்கிறது அரை நாள் வேலை தாயி. இடிக்கிறதுக்கு முன்னாடி தோது பண்றதுதேன் வேலையே. ஒண்ணுமில்லாத அறையிலதேன் நான் சுத்தியலத் தூக்குவேன்."

பூட்டைத் திறந்ததும் வந்த வாடைக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் உள்ளே போனேன். மாமாவின் துண்டு கொடியிலேயே விறைத்துப்போய்க் கிடந்தது. சோப்பு வெடித்திருந்தது. ஷேவிங் செட், வாளி, சொம்பு என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். தரையைப் பார்க்காமல்தான் எடுத்தேன். கக்கூஸ் ஓட்டையில் கல்லு மண்ணு விழாமல் இருக்க சுருளிராஜன் சாக்கைச் சுருட்டித் திணித்தார். தூசி வீட்டுக்குள் வராமல் இருக்க வாசலில் ஈரப் போர்வை கட்டச் சொன்னார்.

"தண்ணிய அடைக்கிறதுக்கு முன்னாடி கரண்டப் பாத்துருவோம். மெயினும் கீசர் சுவிட்சும் போடு தாயி. உள்ள வந்துறாத, எதையும் தொட்டுறாத."

கீசர் சுவிட்ச் அறைக்கு வெளியே இருந்தது. போட்டேன். அவர் ரப்பர் செருப்போடு நின்று டெஸ்டரைக் குழாயின் மேல் வைத்தார். அதற்குள் இருந்த சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அமத்து! மெயின அமத்து மொதல்ல!"

அமர்த்தினேன். அவர் கீசரின் மூடியைக் கழற்றினார். சிவப்பு வயரும் கறுப்பு வயரும் சேர்ந்திருந்தன. பச்சை வயர் மட்டும் நறுக்கி, பின்னால் மடக்கி, சிவப்பு டேப் சுற்றியிருந்தது.

"எர்த்து வயரு. கீசருல கசியிற கரண்ட மண்ணுக்கு எறக்குறது. இது சேந்திருந்தா பியூஸ் போயிருக்கும், ஆளு போயிருக்க மாட்டாரு." சுருளிராஜன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "யாரு தாயி மாட்டுனது இத?"

யார் மாட்டியது என்று தெருவுக்கே தெரியும். குமுளியில் ஒரு லாட்ஜை மாற்றிக் கட்டியபோது கழற்றிப்போட்ட கீசர் அது. குளிருக்கு அப்பா வெந்நீரில் குளிக்கட்டும் என்று அவர் சாவதற்குப் பத்து நாள் முன்னால் கொண்டுவந்தார் என் வீட்டுக்காரர். எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள் என்றேன். "ஜீப்பையே பிரிச்சு மாட்டுறேன், இதுக்கு ஒரு ஆளா?" என்றார். ஜீப் வயருக்குச் சுற்றுகிற டேப்தான் அந்தச் சிவப்பு டேப்.

சுருளிராஜன் மூன்று வயரையும் சேர்த்து வெட்டி என் கையில் கொடுத்தார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் திரும்பி வரவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஈரப் போர்வையை விலக்கிக்கொண்டு மாமியார் வந்தார். என் கையைப் பார்த்தார். என்ன அது என்று கேட்கவில்லை.

"கொத்தன் கழட்டிட்டானா?" என்றார்.

"ஒங்களுக்குத் தெரியுமா அத்தே?"

"அவரு போறதுக்கு மொத நாளு வாளியில தண்ணி பிடிக்கப் போயி குழாயத் தொட்டேன். சுண்டிச்சு. எம்மகங்கிட்டச் சொன்னேன். ஈரக் கையோட தொட்டா அப்பிடித்தேன் இருக்கும்னான்." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அன்னைக்குச் சத்தங் கேட்டதும் ஓடியாந்து சுவிட்ச அமத்துனது நாந்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா எம்மேல போட்டீக? ஊருக்கு முன்னாடி?"

"பெத்தவனக் கொன்னது அவந்தேன்னு வெளிய தெரிஞ்சா மருந்தக் குடிச்சிருவான்டி. நீ தாங்குவ. அடுத்த வீட்டுல பெறந்தவ, தாங்கிக்குவ."

அடுத்த வீட்டில் பிறந்தவள் என்ன, கருங்கல்லா? பாவம் ஒரு பக்கம் பழி ஒரு பக்கம் என்று கேட்டிருக்கிறேன். பழியைப் பக்குவமாக எடுத்து இந்தப் பக்கம் வைத்ததை இன்றைக்குத்தான் கேட்டேன். என் வீட்டுக்காரரும் ஆறு மாதம் என் பக்கத்தில் படுத்து, நான் அழுததைக் கேட்டுக்கொண்டேதான் கிடந்திருக்கிறார். மாமியாரை என்ன சொல்லித் திட்டுவது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு வெறுப்பு.

ஜீப் சத்தம் கேட்டது. டியூஷனிலிருந்து திரிஷாவை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பேரும் நேராகக் கொல்லைப்புறம் வந்தார்கள். குளியலறை வாசலில் நான் வயரோடு நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"குழாயில கரண்டு வந்திருக்கு" என்றேன். "தாத்தா எப்பிடிச் செத்தாகன்னு ஒங்க மகளுக்கு நீங்களே சொல்லுங்க."

ஒரு வார்த்தை போதும் எனக்கு. தப்பு என்னுது, ஒங்கம்மா ஒண்ணும் செய்யல என்று சொல்லியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்திலேயே மன்னித்திருப்பேன்.

அவர் வயரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "எலி கடிச்சிருக்கும்" என்றார். "பழைய வீடுல்ல."

"ஆமா, எலிதேன்" என்றார் மாமியார் கீழே உட்கார்ந்தபடியே. "பெருச்சாளி அலையும் அங்கன."

திரிஷா புத்தகப் பையைக் கீழே வைத்தாள். என் கையிலிருந்து வயரை வாங்கினாள். பச்சை வயரைத் தனியாகப் பிரித்து, மடக்கிய இடத்தை நிமிர்த்திப் பார்த்தாள். விரலால் டேப்பைத் தடவினாள்.

"எலி டேப்பு சுத்துமாப்பா?"

திரிஷா அழவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு மாதமாக என்னைப் பார்த்த அதே பார்வை. அது எங்கெங்கே குத்தும் என்று எனக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டு கொல்லைக் கதவைத் திறந்து எங்கள் திராட்சைத் தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

பழி என்னை விட்டுப் போகிற நாளில் நெஞ்சு நிறையும் என்று இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். பயம்தான் வந்தது. அவர் பின்னால் போகாமல் மோட்டார் ரூமுக்கு ஓடி, அங்கே திராட்சைக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த மருந்து டப்பாவைத் தேடினேன். வைத்த இடத்தில் இல்லை. ஐயோ என்று கத்திக்கொண்டு திரும்பினால் வாசலில் மாமியார் மூச்சிரைக்க நின்றார்.

"தேடாத" என்றார். "அவரு செத்த அன்னைக்கே எடுத்துப் பொதைச்சிட்டேன். நீ அவன் பின்னாடி போ."

நான் போனேன்.