வெறும் வயிற்றுப் புண்ணியம்

ராஜபாளையம் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள சின்னக் குன்றில் பெருமாளைச் சேவித்துவிட்டுப் படியிறங்கும்போது தாமோதருக்கு போன் வந்தது. கூப்பிட்டவர் லேப் வைத்திருக்கும் வேலுசாமி. ராஜபாளையத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவமாகி ரத்தம் நிற்கவில்லையாம். ரத்த வங்கியில் ஓ நெகட்டிவ் ஒரே ஒரு பைதான் இருந்தது, அதை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"இன்னொரு பை கையில இல்லன்னா கஷ்டம் சாமி. உங்களுக்கு அந்த குரூப்தான. வருவியளா?"

ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆசாமிதான் தாமோதர். ஆனாலும் மறுபேச்சு பேசாமல் பைக்கைக் கிளப்பினான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அன்று புரட்டாசிக் கடைசிச் சனி. மனைவி அனுக்ரஹாவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போய், இப்போது ஐந்தாம் மாதம். இதுவாவது நிற்கவேண்டும் என்று, புரட்டாசிச் சனி தவறாமல் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லாத விரதம் அவனுக்கு. இப்படிப்பட்ட நாளில் கொடுக்கிற ரத்தத்துக்கு மவுசே தனி என்று நினைத்துக்கொண்டான். சர்க்கரை பார்க்கவே வெறும் வயிற்றோடு வரச்சொல்கிறார்கள், தானத்துக்குச் சொல்லவா வேண்டும்? படித்தவன்தான், மாடவீதியில் மொபைல் கடை வைத்திருக்கிறவன்தான். இருந்தும் மூளை அப்படித்தான் ஓடியது.

ரத்த வங்கியில் நர்ஸ் ஞானபாக்கியம் எடை பார்த்தாள், விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாள். மஞ்சள் காமாலை வந்ததுண்டா, பச்சை குத்தியிருக்கிறதா, குடி உண்டா, ராத்திரி தூங்கினீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றிலும் தேறினான்.

"கடைசியா எப்ப சாப்பிட்டிய?"

"நேத்து ராத்திரி. தண்ணிகூடக் குடிக்கலை. சுத்தமா வந்திருக்கேன்."

ஞானபாக்கியம் பேனாவைக் கீழே வைத்தாள். "சுத்தத்த வச்சு நான் என்ன செய்ய? பட்டினியா வந்தவியகிட்ட எடுக்கக் கூடாது. எடுத்தா நீங்க மயங்கி விழுவிய, பொறவு உங்களுக்கு ஒரு கட்டில் தேடணும். சாப்பிட்டு, நல்லாத் தண்ணி குடிச்சுட்டு, செத்த நேரம் உக்காந்துட்டு வாங்க."

"சாயங்காலம்வரைக்கும் முடியாதும்மா. வேண்டுதல்."

"அந்தப் பொண்ணுக்குச் சாயங்காலம்வரைக்கும் முடியுமான்னு தெரியலயே" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாமோதரை அதிகம் தைத்தது.

வாசலில் நின்ற சிவபாண்டிக்கு இதெல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். உள்ளே கிடப்பவள் அவன் மனைவி செல்வலட்சுமி. ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தவன், தலையெல்லாம் வெள்ளைப் பொடி. கெஞ்சுவான் என்று பார்த்தால், விறுவிறுவென்று வெளியே போனான். போனவன் கையில் பார்சலோடு வந்தான். பிரியாணி வாசனை ஆளுக்கு முன்னால் வந்தது. தாமோதர் நெற்றியின் நாமத்தை அப்போதுதான் பார்த்தானோ என்னவோ, பார்சலைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான்.

"தெரியாம வாங்கிட்டேன் சாமி. என்ன சாப்பிடுவியன்னு சொல்லுங்க, வாங்கியாரேன்."

தாமோதர் நாற்காலியை விட்டு எழுந்தான். இவனிடம் எப்படிச் சொல்வது? உன் பெண்டாட்டிக்காக ஒரு வாய் சாப்பிட்டால் என் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றா? நினைக்கவே கேவலமாக இருந்தது. ஆனாலும் பயம் பயமாகத்தான் இருந்தது. ஒதுங்கிப் போய் அனுக்ரஹாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னான்.

அவள் கேட்டாள், "போன தடவை எனக்கு ரெண்டு பை ஏத்தினாளே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா?"

"குடுத்தவா யாருன்னே நமக்குத் தெரியாது. ஆனா அவா சாப்பிட்டுட்டு வந்துதானே குடுத்திருப்பா?"

"அதில்லை, வேண்டுதல்..."

"பெருமாள்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்கோ சாப்பிடுங்கோ."

அவள் குரல் நடுங்கியது. அவளுக்கும் பயம்தான், வயிற்றில் சுமப்பவள் அவள். பயந்துகொண்டேதான் சொன்னாள் என்பது தாமோதருக்குப் புரிந்தது. போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஞானபாக்கியம் தன் டிபன் டப்பாவைத் திறந்து அவன் முன்னால் தள்ளினாள். தயிர்சாதம். "தாளிப்புல வெங்காயம் போட்டுருக்கேன். பரவால்லயா?"

"பரவாயில்லை."

முதல் கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். இரண்டாவதில் ருசி தெரிந்தது, அவ்வளவு பசி. ருசித்ததற்காக வெட்கப்பட்டுக்கொண்டே டப்பாவைக் காலி செய்தான். சொன்னபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்ப் படுத்தான். ஊசி இறங்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டான். எறும்புக்கடி மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்றிருந்தது.

ஜூஸ் கொடுத்தார்கள், போகலாம் என்றார்கள். அவனுக்குப் போக மனம் வரவில்லை. ரத்தத்தைச் சோதித்து எடுத்துப் போனதைப் பார்த்துவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். விளக்குப் போடுகிற நேரத்துக்குச் சிவபாண்டி வந்தான்.

"ரத்தம் நின்னுருச்சு சாமி. கண்ணு முழிச்சுப் பிள்ளய எங்கன்னு கேட்டா."

பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். நன்றி எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைக் கேட்டான். "உங்களுக்கு எத்தன பிள்ளைய சாமி?"

கல்யாண வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பயந்தே பந்தியில் ஓரமாக உட்காருகிறவன் தாமோதர். ஐந்து மாதமாகியும், கண் பட்டுவிடும் என்று பக்கத்து வீட்டுக்குக்கூட அவர்கள் சொல்லவில்லை.

"ஒண்ணு" என்றான். "மாசியில வரும்."